அலுமினியக் கலப்புலோகங்களும் வன்னிப் பாதைகளும்

முற்காலத்திலே வன்னி நிலத்திற் பயணஞ் செய்தோர் இருவகை மாட்டுவண்டிகளை அறிந்திருந்தனர். நெல்லும் விறகும் ஏற்றுவது சுமைவண்டி. பெண்டிரும் முதியோரும் ஏறிச் செல்வது வில்வண்டி. இரண்டிற்கும் சில்லு ஒன்றே, அச்சு ஒன்றே, மாடும் ஒன்றே. வில்வண்டியில் அச்சுக்கும் இருக்கைக்கும் இடையே வளைந்த உருக்குத் தகடுகள் சில அடுக்கப்பட்டிருந்தமையே வேறுபாடு. பள்ளத்தில் விழுந்த சில்லின் அதிர்ச்சியை அத்தகடுகள் தாம் ஏற்று, வளைந்து, மெல்ல மேலே செலுத்தின. இன்று ஓடும் மோட்டார் வண்டி யாதாயினும் அதன் அடியிலே கிடப்பது இவ்வில்வண்டியின் தத்துவமேயாகும். சஸ்பென்சன் எனக் கராஜுகளில் வழங்கும் தாங்கமைப்பு, வில்லும், வில்லைத் தாங்கும் கைகளும், அதிர்வைத் தணிக்கும் எண்ணெய்த் தணிப்பானும் சேர்ந்த ஒன்றாகும்.

இத்தாங்கமைப்பின் உறுப்புக்கள் நெடுங்காலமாக உருக்கினாலும் வார்ப்பிரும்பினாலுமே செய்யப்பட்டு வந்தன. கடந்த ஐம்பது ஆண்டுகளில் அவற்றுட் பல அலுமினியக் கலப்புலோகங்களாற் செய்யப்படலாயின. உறுதிக்கு உருக்கு என்று நம்பி வந்த உலகம் இலேசான ஓர் உலோகத்தை ஏன் நாடியது? அவ்வுலோகம் வன்னிப் பாதைகளில் எவ்வாறு நடந்துகொள்ளும்? அதனைப் பழுதுபார்ப்போர் அறிந்திருக்க வேண்டியது யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்டல் பௌதிகம் படிக்கும் மாணவர்க்கு மட்டுமன்றி, வண்டியில் ஏறும் யாவர்க்கும் பயன் தருவதாகும்.

மேற்பாரமும் கீழ்ப்பாரமும்

மோட்டார் வண்டியின் பாரத்தை வில்லை எல்லையாகக் கொண்டு இரண்டாகப் பிரிக்கலாம். எஞ்சின், உடல், இருக்கை, பயணிகள் என்பன வில்லின் மேல் உள்ளன, அவை மேற்பாரம். சில்லு, ரயர், பிறேக்கு, சில்லின் நடுவணுள்ள ஹப், அதனைத் தாங்கும் நக்கிள் என்னும் கணு, கணுவை உடலோடு பிணைக்கும் கைகளின் ஏறத்தாழப் பாதி ஆகியன வில்லின் கீழ் உள்ளன, அவை கீழ்ப்பாரம். மேற்பாரத்தை வில் காப்பாற்றுகின்றது. கீழ்ப்பாரத்தைக் காப்பாற்றுவார் எவருமிலர். பாதை கொடுக்கும் ஒவ்வோர் அடியையும் ரயரின் காற்றொன்றையே துணையாகக் கொண்டு அது வாங்குகின்றது.

மேற்பாரம் தன் வில்லின் மீது செக்கனுக்கு ஒரு முறை முதல் ஒன்றரை முறை வரை மெல்ல அசையும் இயல்பினது. கீழ்ப்பாரமோ ரயருக்கும் வில்லுக்கும் இடையே அகப்பட்டுச் செக்கனுக்குப் பத்து முறைக்கு மேல் துடிக்கும். ஓர் எடுத்துக்காட்டை நோக்குக. ஒரு சில்லோடு சேர்ந்த கீழ்ப்பாரத்தின் திணிவு 40 கிலோகிராம் எனவும், ரயரும் வில்லும் சேர்ந்த விறைப்பு மீற்றருக்கு 200,000 நியூற்றன் எனவும் கொண்டால், அதன் இயற்கை மீடிறன் செக்கனுக்கு ஏறத்தாழ 11 ஆகும்.

இவ்வெண் வன்னியில் வண்டி ஓட்டியோர் யாவரும் உடலால் அறிந்த எண்ணாகும். ஏ9 வீதி வவுனியாவிலிருந்து மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் ஊடாக ஆனையிறவு வரை, 2009 ஆம் ஆண்டின் பின் புதுக்கப்பட்டுச் செவ்வையாகக் கிடக்கின்றது. அதிலிருந்து குளக்கட்டுக்களுக்கும் குடியேற்றத் திட்டங்களுக்கும் பிரியும் உள்வீதிகளுட் பல இன்னும் கிரவல் வீதிகளே. கிரவல் வீதி வெயிலிற் காய்ந்து வண்டிகள் ஓட ஓட, அதன் முகத்திலே குறுக்கே வரிவரியாக மேடும் பள்ளமும் தோன்றுகின்றன. வரிகள் ஒரு மீற்றர் இடைவிட்டு அமைந்திருப்பின், மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி செக்கனுக்குப் பதினொரு வரிகளைக் கடக்கும். பாதை தரும் அடியின் மீடிறனும் சில்லின் இயற்கை மீடிறனும் அப்பொழுது ஒன்றாகின்றன. இதனையே பௌதிக நூலார் பரிவு என்பர். சில்லு நிலத்தைத் தொட்டும் தொடாமலும் துள்ளுகின்றது. திருப்புவளையம் கையில் நடுங்குகின்றது. பிறேக்கை மிதித்தாலும் நிலத்தைத் தொடாத ரயர் வண்டியை நிறுத்த மாட்டாது. வரிகள் நிறைந்த வீதியில் வண்டிகள் வளைவிற் சறுக்கி வாய்க்காலுட் செல்வதற்கு இஃது ஒரு காரணமாகும்.

கீழ்ப்பாரம் 40 கிலோகிராமிலிருந்து 32 ஆகக் குறைக்கப்படின், அதன் மீடிறன் பதினொன்றிலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டரையாக உயரும். ஒரே வேகத்தில் மேலெழும் சில்லிலுள்ள இயக்கச் சத்தியும் ஐந்திலொரு பங்கு குறையும். அச்சத்தியை விழுங்க வேண்டிய தணிப்பானுக்கு வேலை குறைகின்றது. சில்லு விரைவில் நிலத்திற்கு மீளுகின்றது. மேற்பாரத்தில் எட்டுக் கிலோகிராமைக் குறைத்தல் ஒரு பை அரிசியை இறக்கிவைத்தல் போன்றதே. கீழ்ப்பாரத்தில் அதே எட்டைக் குறைத்தல் வண்டியின் நடையையே மாற்றுவதாகும். பொறியியலார் அலுமினியத்தை உடலுக்கு மட்டுமன்றிச் சில்லுக்கும் கைக்கும் கொண்டுவந்தமைக்குக் காரணம் இதுவே.

மண்ணிற் பிறந்த உலோகம்

நிலவோட்டில் எடைப்படி நூற்றுக்கு எட்டுப் பங்கு அலுமினியமாகும். உலோகங்களுள் இத்துணை மிகுதியாக உள்ளது வேறில்லை. எனினும் அஃது எங்கும் ஒட்சிசனோடு இறுகப் பிணைந்தே கிடக்கின்றது. கரியோடு சேர்த்து எரித்தால் இரும்புத் தாது இரும்பைத் தந்துவிடும். அலுமினியத் தாது அவ்வாறு தருவதில்லை. ஆதலின் இரும்பை மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறிந்த மனிதன் அலுமினியத்தை முதன் முதற் கண்டது 1825 ஆம் ஆண்டிலேயே. தென்மார்க்கு நாட்டு ஏஸ்ற்றெட் என்பார் அதனைச் சிறுதுணுக்காகப் பிரித்தெடுத்தார். 1886 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹோல் என்பாரும் பிரான்சில் ஏரூல் என்பாரும், ஒருவரையொருவர் அறியாது ஒரே முறையைக் கண்டனர். இருவரும் 1863 ஆம் ஆண்டிற் பிறந்த இளைஞர். உருகிய கிரையோலைற்றில் அலுமினிய ஒட்சைட்டைக் கரைத்து, அதனூடே மின்னைச் செலுத்தி உலோகத்தைப் பிரித்தலே அம்முறை. இன்றும் உலகம் அதனையே கையாளுகின்றது. ஒரு கிலோகிராம் அலுமினியம் பெறுதற்கு ஏறத்தாழ 13 முதல் 15 அலகு மின்சாரம் செலவாகும்.

மின்பகுப்பு என்பது வன்னிக்குப் புதியதன்று. ஆனையிறவில் விளைந்த உப்பைக் கொண்டு, பரந்தனில் 1950களில் நிறுவப்பட்ட இரசாயனத் தொழிற்சாலை மின்பகுப்பினாற் கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்தது. போர் அத்தொழிற்சாலையை அழித்தது. அங்கு அலுமினியம் செய்யப்பட்டதில்லை. ஆயினும் பொக்சைற்று என்னும் அலுமினியத் தாதுவைக் கரைத்துத் தூய்மையாக்குதற்கு வேண்டிய பொருள் அதே கோஸ்ரிக் சோடாவேயாம். பாயர் என்னும் இரசாயனர் 1880களில் அம்முறையைக் கண்டார். தமிழ்நாட்டிலே சேர்வராயன் மலையின் பொக்சைற்றையும் மேட்டூரின் மின்சாரத்தையும் துணையாகக் கொண்டு 1960களில் அலுமினியத் தொழிற்சாலையொன்று எழுந்தது. ஆகவே இவ்வுலோகத்தின் பிறப்பு வரலாறு தமிழ் வழங்கும் நிலங்களுக்கு அயலானதன்று.

கலப்பும் பதமும்

தூய அலுமினியம் மெல்லியது, கையால் வளைக்கலாம். அதனாற் செய்த கை முதற்பள்ளத்திலேயே வளைந்துவிடும். அதற்கு வலிமை தந்த கண்டுபிடிப்பு 1906 ஆம் ஆண்டில் யேர்மனியில் நிகழ்ந்தது. அல்பிரெட் வில்ம் என்பார், நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு செம்பும் சிறிது மகனீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி நீரில் அமிழ்த்தி அதன் கடினத்தை அளந்தார். அப்பொழுது அது மென்மையாகவே இருந்தது. சில நாள் கழித்து அதே துண்டை மீண்டும் அளந்தபோது அது தானே கடினமாகியிருக்கக் கண்டார். சும்மா கிடந்த உலோகம் வலிமை பெற்றமை அந்நாளில் எவர்க்கும் விளங்கவில்லை. 1938 ஆம் ஆண்டில் பிரான்சிற் கினியே என்பாரும் பிரித்தானியாவிற் பிறெஸ்ரன் என்பாரும் எக்ஸ் கதிர்களாற் சோதித்து, உலோகப் பளிங்கினுள்ளே செம்பணுக்கள் நுண்ணிய கூட்டங்களாகத் திரண்டிருத்தலைத் தனித்தனியே கண்டறிந்தனர்.

இதனை விளக்குதற்குக் காடு வெட்டிக் களனியாக்கிய நிலத்தை உவமையாகக் கொள்ளலாம். உலோகம் வளைதல் என்பது அதன் அணுத்தளங்கள் ஒன்றன்மேலொன்று வழுக்குதலாகும். தடையற்ற வயலிலே கலப்பை இலேசாகச் செல்வது போலத் தூய அலுமினியத்தில் அவ்வழுக்கல் எளிதில் நிகழ்கின்றது. புதிதாகத் திருத்திய நிலத்தில் நுண்வேர்கள் எங்கும் பின்னிக்கிடப்பின், கலப்பை அடிக்கடி சிக்கி நிற்கும். பதஞ்செய்த கலப்புலோகத்திலுள்ள அணுக்கூட்டங்கள் அந்நுண்வேர்களை ஒப்பன. மிகைச்சூடு கொடுத்தால் அக்கூட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, எண்ணிற் குறைந்து, உருவிற் பெருக்கின்றன. அவை இடைவிட்டு நிற்கும் சில அடிக்கட்டைகளை ஒப்பன. கலப்பை அவற்றைச் சுற்றிக்கொண்டு போய்விடும். இவ்வுவமையின் பின்பாதியைப் படிப்போர் நினைவில் இருத்துக. இக்கட்டுரையின் முக்கிய செய்தி அதிலே தங்கியுள்ளது.

தாங்கமைப்பின் கைகளுக்குப் பெரிதும் பயன்படுவன மகனீசியமும் சிலிக்கனும் கலந்தவை. 6061, 6082 என்னும் எண்களால் அவை குறிக்கப்படும். சம்மட்டியும் அச்சும் கொண்டு வடித்த பின், அவை ஏறத்தாழ 540 பாகை செல்சியசுக்குச் சூடாக்கப்பட்டு, நீரிற் குளிர்விக்கப்பட்டு, மீண்டும் 170 பாகையளவிற் பல மணி நேரம் வைக்கப்படுகின்றன. இப்பதம் பெற்ற 6061 நிலையாக வளையத் தொடங்கும் தகைப்பு ஏறத்தாழ 275 மெகாபசுக்கால். பதமிழந்து மென்மையான அதே உலோகத்திற்கு அது 55 மட்டுமே, ஐந்திலொரு பங்கு. நூற்றுக்கு ஏழு பங்கு சிலிக்கன் கொண்ட ஏ356 என்னும் கலப்பு, அச்சிலே நன்றாகப் பாயுமாதலின், கணுவும் சில்லும் வார்ப்பதற்கு உகந்தது.

மூன்றிலொன்றின் கணக்கு

அலுமினியத்தின் அடர்த்தி 2.7, உருக்கின் அடர்த்தி 7.85. ஆகவே மூன்றிலொரு பங்கு பாரமே என்று உடனே மகிழ்தல் கூடாது. அலுமினியத்தின் யங்கின் மட்டு 70 கிகாபசுக்கால், உருக்கினது 210. விறைப்பும் மூன்றிலொன்றே. உருக்குக் கையை எடுத்துவிட்டு அதே அளவான அலுமினியக் கையைப் பொருத்தினால், அது மூன்று மடங்கு வளைந்து கொடுக்கும். சில்லு தன் நேரில் நில்லாது.

இதற்குப் பரிகாரம் வடிவத்தில் உண்டு. ஒரு தகட்டின் வளைவுக்கெதிரான விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப உயரும். ஆதலின் மும்மடங்கு விறைப்பை ஈடுசெய்ய மும்மடங்கு தடிப்பு வேண்டியதில்லை. மூன்றின் கனமூலமாகிய 1.44 மடங்கு போதும். அத்தடித்த தகட்டின் பாரம் 1.44 ஐ 0.344 ஆற் பெருக்க வருவது, ஏறத்தாழ அரைப்பங்கு. குறுக்குவெட்டு முழுவதையும் ஒரே வடிவிற் பெருப்பித்தால் மிச்சம் நூற்றுக்கு நாற்பதாகும். எனவே ஐந்து கிலோகிராம் உருக்குக் கைக்கு ஈடாக மூன்று கிலோகிராம் அலுமினியக் கை அமையும். அலுமினியக் கைகள் பார்வைக்குப் பருத்திருத்தலின் காரணம் இதுவே. இடமில்லாத இடத்திற் பருக்க முடியாது. அங்கு உருக்கே வெல்லும். வில்லும் இன்றுவரை பெரும்பாலும் உருக்காகவே இருக்கின்றது.

இக்கணக்கைப் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே காணலாம். ஒரே நீள அகலத் தடிப்புள்ள உருக்குப் பட்டியும் அலுமினியப் பட்டியும் மேசையோரத்தில் இறுக்கப்பட்டு, நுனியிற் சமபாரந் தொங்கவிடப்பட்டால், அலுமினியம் மூன்று மடங்கு தாழும்.

இவ்வுலோகம் வண்டிக்கு வந்த வழியும் அறியத்தக்கது. 1924 ஆம் ஆண்டில் பிரான்சிற் புகாட்டி நிறுவனம் தன் பந்தய வண்டிக்குப் பிறேக்குத் தொட்டியோடு ஒன்றாக வார்த்த அலுமினியச் சில்லுகளைப் பொருத்தியது. 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பிறந்த லாண்ட் றோவர், போருக்குப் பின் உருக்குக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டினால் அலுமினிய–மகனீசியக் கலப்பாலான உடலைப் பெற்றது. எனினும் அதன் சட்டமும் வில்லும் உருக்கே. மேற்பாரம் இலேசாகியது, கீழ்ப்பாரம் அவ்வாறே நின்றது. 1984 ஆம் ஆண்டின் கோர்வெற் வண்டியில் வடித்த அலுமினியக் கைகள் வந்தன. 1990 ஆம் ஆண்டில் ஹொண்டா நிறுவனத்தின் என்எஸ்எக்ஸ் உடலும் தாங்கமைப்பும் அலுமினியமாகவே அமைந்தது. 1995 ஆம் ஆண்டின் பீஎம்டபிள்யூ ஐந்தாம் வரிசை அதனைப் பந்தயத் தளத்திலிருந்து அன்றாடப் பாதைக்குக் கொண்டுவந்தது.

வன்னியில் இத்தகைய விலையுயர்ந்த வண்டிகள் அரியன. ஆயினும் தாங்கமைப்பில் அலுமினியம் இல்லாத வீடு இன்று அங்கு அரிது. மோட்டார்ச் சைக்கிளின் முன்சில்லைப் பிடித்திருக்கும் இருகவர்க் குழாயின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் வார்த்த அலுமினியமே. உருக்குக் குழாய் அதனுள்ளே வழுக்கி ஏறியிறங்குகின்றது. அலோய் சில்லு என்னும் அலுமினியச் சில்லுகளும் மோட்டார்ச் சைக்கிள்களிலும் கார்களிலும் எங்கும் காணப்படுகின்றன. கலப்பின வண்டிகளும் மின்வண்டிகளும் பாரமான மின்கலங்களைச் சுமப்பதால், பிற உறுப்புக்களின் பாரத்தைக் குறைக்கும் முயற்சி இனி மேலும் பெருகும்.

மூன்று குறைகள்

முதலாவது இளைப்பு. மயிலிறகேயாயினும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் எனும் கருத்தை வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்திலே கூறினார். அங்குச் சிறுபாரங்கள் ஒருங்கு சேர்ந்து முறிக்கின்றன. உலோக இளைப்பிலோ சிற்றடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முறிக்கின்றன. ஒரு மீற்றருக்கு ஒரு வரி வீதம் அமைந்த கிரவல் வீதியில் நாற்பது கிலோமீற்றர் சென்ற கை நாற்பதினாயிரம் அடிகளை வாங்கியிருக்கும். உருக்கிற்கு ஓர் எல்லைத் தகைப்பு உண்டு. அதன் கீழ் எத்தனை கோடி அடிகள் விழுந்தாலும் அது முறியாது. அலுமினியத்திற்கு அத்தகைய எல்லை இல்லை. அடி சிறிதாயினும் எண்ணிக்கை மிகுந்தால் ஒருநாள் வெடிப்புத் தோன்றும். ஆதலின் ஐம்பது கோடி அடிகளைத் தாங்கும் தகைப்பையே அதன் அளவாக வைத்துப் பொறியியலார் கணக்கிடுவர். 1954 ஆம் ஆண்டில் இரண்டு கொமற் விமானங்கள் வானிற் சிதறியமைக்கு அலுமினியக் கலப்புலோக உடலின் இளைப்பே காரணமெனக் கண்டறியப்பட்டது. அதன் பின்னரே உலகம் இவ்வியல்பை அஞ்சிக் கற்றது. நன்கு கணக்கிட்டுச் செய்த கை வண்டியின் வாழ்நாள் முழுவதும் உழைக்கும். ஆனால் அதன் முகத்திற் கல் கிழித்த ஒரு கீறல் அக்கணக்கைப் பொய்யாக்க வல்லது.

இரண்டாவது உப்பு. அலுமினியம் காற்றிற் பட்டவுடன் அதன்மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம் படர்ந்து காக்கின்றது. அதனாலேயே அது துருப்பிடிப்பதில்லை என்பர். உப்பிலுள்ள குளோரைட்டு அப்படலத்தைத் துளைக்க வல்லது. அன்றியும் உருக்கு ஆணியும் அலுமினியக் கையும் தொட்டு நிற்க, இடையே உப்புநீர் புகுந்தால் அங்கு ஒரு மின்கலம் உண்டாகி, அலுமினியம் கரைந்து உருக்கைக் காக்கும். முல்லைத்தீவுக் கடற்கரையிலும், நந்திக்கடலோரத்திலும், ஆனையிறவு உப்பளத்தருகிலும் ஓடும் வண்டிகளுக்கு இஃது அன்றாட ஆபத்தாகும். நாகப்பூச்சுள்ள ஆணிகளை இடுதலும், கடற்கரை சென்று மீண்டபின் வண்டியின் அடிப்பாகத்தை நன்னீராற் கழுவுதலும் எளிய காப்புக்களாம்.

மூன்றாவதும் கொடியதும் வெப்பமாகும். இதனைத் தனியே விரித்துரைத்தல் தகும்.

கம்மாலையின் கண்ணும் புதிய உலோகமும்

வன்னியின் மெக்கானிக்குகளின் திறமை ஏட்டில் எழுதப்படாத ஒரு வரலாறு. 1990களிற் பொருளாதாரத் தடையின் கீழ் எரிபொருளும் உதிரிப்பாகமும் அரிதாகியபோது, வடபுலத்தின் பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. முறிந்த வில்லுக்கு வேறொரு வண்டியின் வில் வெட்டிப் பொருத்தப்பட்டது. வளைந்த கை உலையிற் சிவக்கக் காய்ச்சி நிமிர்த்தப்பட்டது. நோயாளிகளும் மாணவரும் அவ்வண்டிகளிலேயே சென்றனர். தேவையே ஆசானாக, இரும்பின் குணத்தை அவர்கள் கையாலும் கண்ணாலும் கற்றனர். 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025 ஆம் ஆண்டு பெப்புருவரியிலேயே மீளத் திறக்கப்பட்டது. அவ்வைந்தாண்டுகளிலும் ஓடிய வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியிருந்தது. அப்பழைய திறமை மீண்டும் கைகொடுத்தது.

ஆனால் இரும்பிற் கற்ற அவ்வித்தை அலுமினியத்தில் ஏமாற்றும். இரும்பு சூடேறும்போது முதலிற் கருஞ்சிவப்பாகவும், பின்னர்ச் செம்மஞ்சளாகவும் நிறம் காட்டித் தன் வெப்பநிலையைக் கம்மாலையிலுள்ளோர்க்குச் சொல்லும். அலுமினியம் உருகும்வரை நிறம் மாறுவதில்லை. தூய அலுமினியம் 660 பாகையில் உருகும். கலப்புலோகங்கள் அதனினும் தாழ்ந்த வெப்பநிலையிலேயே இளகத் தொடங்கும். இரும்பின் செந்நிறம் கண்ணுக்கு நன்கு தோன்றுவதற்குள் அலுமினியம் உருகியே போய்விடும். ஆதலின் வாயுச் சுடரைக் காட்டி, இன்னும் சூடேறவில்லை என்று எண்ணும் வேளையிலேயே கையின் பதம் கெட்டுப்போகின்றது. இருநூறு பாகைக்கு மேற்பட்ட வெப்பம் நீடித்தாலே முன்கூறிய நுண்வேர்கள் அடிக்கட்டைகளாகத் திரளத் தொடங்குகின்றன. நிமிர்த்தப்பட்ட கை பார்வைக்குப் புதியது போலிருக்கும். வலிமையோ ஐந்திலொரு பங்காகத் தாழ்ந்திருக்கலாம். வெல்டிங் செய்த இடத்தருகிலும், மீளப் பதஞ்செய்யாவிடின், வலிமை ஏறத்தாழப் பாதியாகின்றது.

இதன் விளைவு கராஜில் வெளிப்படுவதில்லை. திருத்திய வண்டி ஊருக்குள் மெல்ல ஓடும்; ஒருவரும் ஐயுறார். பல நாள் கழித்து, ஏ9 வீதியிலே எண்பது கிலோமீற்றர் வேகத்தில், பாடசாலைப் பிள்ளைகளையோ வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளியையோ ஏற்றிச் செல்லும் வேளையில் அக்கை முறியுமாயின், முன்சில்லு திருப்புவளையத்தின் சொற்கேளாது. அப்பொழுது சாரதியின் திறமை யாது செய்யும்?

எனவே சில விதிகள் இன்றியமையாதன. வளைந்த அல்லது வெடித்த அலுமினியக் கையையும் கணுவையும் சூடாக்கி நிமிர்த்தலாகாது, வெல்டிங் செய்தலும் ஆகாது, மாற்றுதலே வழி. ஓரம் வெடித்த அலோய் சில்லுக்கும் இதுவே பொருந்தும். பழைய பாகம் வாங்கும்போது அதனை நன்கு துடைத்து, வெடிப்பினுட் புகுந்து நிறங்காட்டும் சாயத்தினாற் சோதித்த பின்பே பொருத்த வேண்டும், அச்சாயத்திற்குப் பெருஞ்செலவில்லை. அலுமினியத்தில் வெட்டிய புரி மென்மையானதாதலின், ஆணியைக் கைவலிமை கொண்டு இறுக்காது, அளவு காட்டும் சாவியினால் இறுக்குதல் வேண்டும். உறுப்பு உருக்கா அலுமினியமா என்ற ஐயம் எழின், ஒரு சிறு காந்தம் விடை கூறும். அலுமினியத்தை அது பற்றாது.

மாற்றுதல் எளிதென்று கூறுதல் நேர்மையாகாது. நெல் விற்றுக் கடன் அடைக்கும் விவசாயிக்கு ஒரு புதிய கையின் விலை பெரிது. அதனைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கும் நாட்களும் இழப்பே. வெல்டிங் செய்து தருமாறு கேட்பவர் அறிவிலாதவரல்லர், வேறு வழியில்லாதவர். ஆதலின் வண்டி வாங்கும்போதே இக்கேள்வியைக் கேட்டல் நலம். நாள்தோறும் கிரவல் வீதியில் ஓடி, ஊர்க் கராஜிலேயே திருத்தப்பட வேண்டிய வண்டிக்கு உருக்குக் கை இன்றும் ஏற்றதே. அது சற்றுப் பாரமானது. ஆயினும் வளைந்து எச்சரிக்கும், நிமிர்த்தவும் இடந்தரும். நெடுஞ்சாலையில் விரைந்து ஓடி, உரிய பாகமும் பயிற்சி பெற்ற கையும் கிடைக்கும் வண்டிக்கு அலுமினியம் நடையழகும் பிறேக்கின் பிடிப்பும் தரும். நல்ல உலோகம் எது என்பதைப் பாதையும் பழுதுபார்ப்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

கல்வியின் கடன்

2009 ஆம் ஆண்டு மே மாதத்தின் பின் முள்ளிவாய்க்காலிலும் அதன் அயலிலும் எரிந்த வண்டிகள் குவிந்து கிடந்தமையைப் பலர் கண்டனர். எரிந்த வண்டியில் உருக்குச் சட்டம் நிற்கும். அலுமினிய உறுப்புக்கள் உருகி வடிந்து மண்ணில் உறைந்துவிடும். வெப்பத்தின் முன் இவ்விரு உலோகங்களின் இயல்பைக் காட்டும் பாடம் அது. எந்த நாட்டு மாணவர்க்கும் அவ்வாறு கற்க நேரக்கூடாத பாடம். பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்துதற்குத் தாதுவிலிருந்து பெறுதற்கு வேண்டிய சத்தியில் இருபதிலொரு பங்கே போதும். ஆனால் கண்டபடி கலந்து உருக்கிய பழைய அலுமினியத்தின் கலப்பு இன்னதென்று அறிய முடியாது. அது சட்டிக்கும் குடத்திற்கும் ஆகும். சோதியாது தாங்கமைப்பிற்கு ஆகாது.

அவ்வழிவின் பின் எழுந்தவை கல்விக்கூடங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. அதே இடத்தில் 2016 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் மோட்டார் வாகனத் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கின்றது. வவுனியா வளாகம் 2021 ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஏட்டறிவு அங்கே உண்டு. கையறிவு வீதியோரக் கராஜுகளில் உண்டு. இரண்டும் சந்திக்கும் நாள் இன்னும் முழுமையாக வரவில்லை. ஒரு மாணவன் தான் படித்த யங்கின் மட்டையும் இளைப்பையும் தன் ஊர் மெக்கானிக்குக்குத் தாய்மொழியில் விளக்கவும், அம்மெக்கானிக்கு தான் கண்ட முறிவுகளை அவனுக்குக் காட்டவும் கூடுமாயின், இருவரும் பயன் பெறுவர்.

வில்வண்டியைச் செய்த தச்சனும் கொல்லனும் தம் மரத்தையும் இரும்பையும் நன்கு அறிந்திருந்தனர். ஆதலின் அதில் ஏறியோர் அஞ்சாது சென்றனர். பொருள் மாறிவிட்டது, பொறுப்பு மாறவில்லை. இலேசான உலோகத்தைக் கையாள்வோர்க்கு அதன் குணம்பற்றிய அறிவு கூடுதலாகவே வேண்டும். அவ்வறிவை எளிய தமிழில் வீதியோரக் கராஜுவரை கொண்டு செல்லுதல், வன்னியின் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் உரிய கடனாகும்.